காடிக்கரை முளைக்குச்சிகள்

நான் சர்வேயர் இல்லை என்பதை ஓர் ஊருக்குப் புரியவைக்க ஏறக்குறைய ஒரு வருஷம் முயன்று தோற்றவன் நான். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தத்துவப் புத்தகங்களில் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்களுக்கு நடு அந்தமானில் வாத்தியார் வேலை கிடைத்திருந்தால் இன்னும் சுருக்கமாக எழுதியிருப்பார்கள்.

அறுபதுகளின் பின்பாதி. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் ஏறி, வழியெல்லாம் கடலுக்கு என் சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்து, ரங்கத் பக்கம் கரையேறி, அப்புறம் லாரியிலும் அதற்கப்புறம் காலிலுமாக ஒரு குடியேற்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம். இந்திக்கு ஒரு தடுப்பு, வங்காளிக்கு ஒரு தடுப்பு, தமிழுக்கு ஒரு தடுப்பு. தடுப்புகள் மூங்கில் தட்டிகள் என்பதால் மூன்று மொழிப் பிள்ளைகளும் மூன்று மொழி வாய்ப்பாட்டையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். தமிழ்த் தடுப்புக்கு நான் ஒருவன்தான். தமிழ், கணக்கு, விஞ்ஞானம், தேகப்பயிற்சி எல்லாம் நானே. என் தேகத்தைப் பார்த்தவர்கள் கடைசிப் பாடத்தை மட்டும் நம்பவில்லை.

ஊர்க்காரர்கள் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து, மலையாளத்திலிருந்து, ராமநாதபுரத்து வறண்ட பூமியிலிருந்து. சர்க்கார் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமதளத்தில் நெல்லுக்குக் கொஞ்சம், மேட்டில் தென்னைக்கும் பாக்குக்கும் கொஞ்சம் என்று நிலம் கொடுத்திருந்தது. அதற்குக் காகிதம் உண்டு. காகிதத்தில் உள்ள நிலம் தீர்ந்த இடத்தில் ஒவ்வொருவரும் மண்வெட்டியை நிறுத்தவில்லை. ஆகவே அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் சர்க்கார் கொடுத்த நிலம் ஒன்றும் சர்க்காருக்குத் தெரியாத நிலம் ஒன்றும் இருந்தன. இது எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர.

விஞ்ஞானப் புத்தகம் மெட்ராஸிலிருந்து வந்தது. அதில் முதல் பாடம் ‘நம் ஊர் ஏரி’. தாமரை, கொக்கு, தவளை, கரையில் ஓர் ஆலமரம். நான் உருகி உருகி நடத்தினேன். முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, “ஏரின்னா காடியா சார்?” என்று கேட்டாள்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் காடி என்றால் மாட்டுக்கு வைக்கும் புளித்த கழுநீர். தீவில் பேசும் இந்தியில் அது, கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதுதான் சொல். கழுநீருக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சிறிது நேரம் அந்தப் பெண்ணைச் சந்தேகத்தோடு பார்த்தேன். விஷயம் விளங்கியதும் புத்தகத்தை மூடினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் ஒரு காடி இருக்கும்போது, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஏரியை எதற்கு நடத்த வேண்டும்? அடுத்த வாரமே பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த சுயமான முடிவுகள் சொற்பம். அவற்றின் விளைவுகளைப் பார்த்தால் அது நல்லதுதான் என்று தோன்றும்.

செய்ய நினைத்தது எளிமையான காரியம். காடியில் தண்ணீர் தினமும் ஏறும், இறங்கும். அந்த உப்புத் தண்ணீரில் எவ்வளவு நேரம் முங்கிக் கிடக்க முடியும் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு செடியும் பிராணியும் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். ஓடையை ஒட்டி, பொய்க்கால் போல வேர்களை ஊன்றி நிற்கும் மரங்கள். அதற்குப் பின்னால், சேற்றிலிருந்து ஆணி அடித்த மாதிரி மூச்சு வேர்களை நீட்டியிருக்கும் மரங்கள். அதற்கும் பின்னால் பெரணி, புல், எறும்புப் புற்று. சாதாரண நாளில் தண்ணீர் எதுவரை வருகிறது, அமாவாசை பௌர்ணமிக்கு எதுவரை என்று முளைக்குச்சி அடித்து அடையாளம் வைத்துவிட்டால், எந்தக் குச்சிக்கும் எந்தக் குச்சிக்கும் நடுவில் யார் குடியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

குச்சிக்குக் குச்சி நேர்கோடு பிடிக்கப் பள்ளிக்கூடத்துக் கிணற்றுக் கயிறு கிடைத்தது. மூங்கில் குச்சிகளை நானே சீவினேன். தூரத்திலிருந்து தெரிவதற்காக ஊரில் இருந்த ஒரே கடையில் சிவப்புத் துணி வாங்கி, கிழித்து, ஒவ்வொரு குச்சியின் தலையிலும் கட்டினேன். கரும்பலகையில் பெரிய எழுத்தில் ‘காடி சர்வே’ என்று எழுதினேன். ஆசிரியப் பயிற்சியில் ‘சுற்றுப்புற சர்வே’ என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவ்வளவையும் யோசித்துச் செய்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

பௌர்ணமியன்று காலை பத்து மணிக்குத் தண்ணீர் உச்சத்துக்கு வந்தது. காடிக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே சர்க்கார் போட்ட மண் கரை ஒன்று உண்டு. அதன் அடிவாரத்தில் வந்து தண்ணீர் நின்றது. கடைசிக் குச்சியை அங்கே அடித்தோம். கரைக்கு அப்பால், காடிப் பக்கமாக, ஒரு கீற்று நெல்வயல் இருந்தது. யாரோ தாழ்வாக ஒரு சேற்று வரப்பு போட்டுக் கட்டியிருந்தார். சாதாரண நாள் தண்ணீரை அந்த வரப்பு தடுத்துவிடும். பௌர்ணமித் தண்ணீர் மட்டும் வரப்பைத் தாண்டி உள்ளே ஓர் எட்டு பார்த்துவிட்டுப் போகும். பெய்கிற மழை உப்பைக் கழுவிவிடும் என்பது அந்த யாரோவின் கணக்கு. பயிர் நன்றாகவே இருந்தது. ஏரியைக் காடி என்ற பெண்தான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். “உங்க வயலா?” என்று கேட்டேன். “ஆமா சார்” என்றாள். அப்புறம் ஒரு கணம் யோசித்து, “இல்ல சார்” என்றாள்.

குழந்தைகளுக்குத்தான் எவ்வளவு மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம், எல்லாருக்கும் பாய். ஊரில் எதுவும் அவர் காதுக்கு வராமல் நடக்காது. எண்ணெயை ஊற்றியபடி என்னைப் பார்க்காமலே பேசினார்.

“மாஸ்டர், அன்னிக்குச் சிவப்புத் துணி வாங்கினீங்களே, அது எதுக்குன்னு நான் கேக்கல.”

“முளைக்குச்சிக்கு, பாய்.”

“அதத்தான் நான் கேக்கலைன்னு சொன்னேன்.”

பிறகு கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு விளக்கினார். குடியேற்றம் தொடங்கிய நாளில் சீட்டுக் குலுக்கிப் போட்டு நிலம் பிரித்தபோது சர்க்கார் ஆட்கள் கயிறு பிடித்து, இதே மாதிரி குச்சி அடித்து, இதே மாதிரி சிவப்புத் துணி கட்டினார்களாம். அன்று முதல் அந்த ஊரில் குச்சியில் கட்டிய சிவப்புத் துணிக்கு ஒரே அர்த்தம்தான். நிலம் வரும், அல்லது போகும். வருவது ஏற்கெனவே வந்தாகிவிட்டது. ஆகவே இனி போவதுதான் பாக்கி. போதாக்குறைக்கு ‘சர்வே’ என்ற சொல் மூங்கில் தட்டியைத் தாண்டி மத்தியானத்துக்குள் வங்காளி வகுப்புக்கும், பள்ளி விடுவதற்குள் மேட்டு வீடுகளுக்கும் போய்விட்டிருந்தது.

மறுநாள் கரும்பலகையில் ‘சர்வே’யை அழித்துவிட்டு ‘கணக்கெடுப்பு’ என்று எழுதினேன். வரி போடப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. ‘பரிசோதனை’ என்று மாற்றினேன். யார் வீட்டில் சோதனை என்று கேட்டார்கள். ‘பார்வையிடல்’ என்று எழுதிப் பார்த்தேன். அது ஜீப்பில் வரும் அதிகாரிகள் செய்வது, அதற்குக் கோழி அடிக்க வேண்டும். தமிழ் வளமான மொழி என்று மேடையில் முழங்குகிறவர்கள், சந்தேகம் வராதபடி ஒரு நண்டைப் பார்க்கப் போவதற்கு அதில் ஒரு சொல் தேடித் தரட்டும். கடைசியில் ‘சுற்றுலா’ என்று எழுதினேன். கதிர் பிடிக்கும் காலத்தில் பிள்ளைகளுக்கு என்ன சுற்றுலா என்று பாதி வகுப்பை நிறுத்திவிட்டார்கள்.

இத்தனைக்கும் அந்தக் காடியில் முதலை உண்டு. அதற்காகத்தான் மடுவைத் தவிர்த்து ஓடை ஒடுங்கும் தலைமாட்டிலேயே நான் வகுப்பை வைத்தேன். முதலையைப் பற்றி ஒரு தகப்பனார்கூட என்னிடம் கேட்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் கயிற்றைப் பற்றித்தான் கேட்டார்கள்.

அந்தப் பெண்ணின் தகப்பனார் நேரிலேயே வந்தார். ராமநாதபுரத்துக்காரர். எலும்பும் நரம்புமான ஆள். கையில் அரிவாள். அங்கே எல்லாரும் அரிவாளோடுதான் எங்கும் போவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் மேஜைக்கு அந்தப் பக்கமாக நின்றுகொண்டேன்.

“வாத்தியாரே, நீங்க எந்த ஆபீஸ் ஆளு?”

“பள்ளிக்கூடத்து ஆளுங்க.”

“அது தெரியுது. எந்த ஆபீஸு?”

எனக்கு ஓர் ஆபீசும் இல்லை என்றேன். ஆபீஸ் இல்லாத ஆள் ஆயிரம் மைல் கடல் தாண்டி எதற்கு வருவான் என்று அவர் கேட்கவில்லை. முகத்தில் மட்டும் அந்தக் கேள்வி இருந்தது. காடியில் நண்டும் மீனும் எப்படி வாழ்கின்றன என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன் என்று விளக்கினேன்.

“நண்டப் பாக்க எதுக்குக் கயிறு?”

“எந்த எடத்துல எந்த நண்டு இருக்குன்னு தெரிய வேண்டாமா?”

“அது நண்டுக்கே தெரியுமே. நமக்கு எதுக்கு?”

கல்வித் தத்துவம் பற்றி நான் படித்த எதிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்ததாக நினைவில்லை. அவர் கோபமில்லாமல், “எங்கய்யாவுக்கு ஊர்ல நிக்கிறதுக்குத்தேன் நெலம் இருந்துச்சு. அதுவும் அடுத்தவன் நெலம்” என்றார். மகள் இனிமேல் வெளி வகுப்புக்கு வர மாட்டாள், வயலில் கிளி விரட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பயந்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. மண் கரைக்கு வெளியே இருந்த அந்தக் கீற்று வயல் அவருடையது. அதற்குக் காகிதம் கிடையாது. கடல்நீர் மூடும் பூமி காட்டிலாகாவுக்குச் சொந்தம் என்பது சட்டம். ‘பௌர்ணமிக்குத் தண்ணீர் இதுவரை வரும்’ என்று நாங்கள் சிவப்புத் துணி கட்டி அடித்த கடைசிக் குச்சி, அவர் வயல் முழுவதையும் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுக் கரையடியில் நின்றுகொண்டிருந்தது. குச்சியைப் பார்க்கும் எந்த ஆபீஸ்காரனுக்கும் அது ஒரு தீர்ப்பு. வரப்பை வெட்டிவிட்டுப் பயிரைப் பிடுங்கச் சொல்லிவிடுவான்.

அந்தப் பெண் வராததால் வகுப்புக்குக் கண் போன மாதிரி ஆயிற்று. ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சிறு நண்டுகளில் சிலதுக்கு அது வலது பக்கம், சிலதுக்கு இடது பக்கம் என்று முதலில் கவனித்தது அவள்தான். ஆனால் வயல் காடியை ஒட்டியே இருந்ததால் அவளைத் தடுத்ததாகவும் ஆகவில்லை. நாங்கள் சேற்றில் நிற்போம். அவள் வயலில் தகர டப்பாவைத் தட்டிக் கிளி விரட்டிக்கொண்டே, “சார், அந்த வேருக்குப் பின்னால உளுவை மூணு நிக்கிது!” என்று குரல் கொடுப்பாள். உளுவை என்றால் சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீன். வகுப்பு திரும்பிப் பார்க்கும். மூன்று நிற்கும். தகப்பனார் தலை தெரிந்தால் அவள் கிளியைத் திட்ட ஆரம்பித்துவிடுவாள்.

சில வாரங்கள் கழிந்து ஒருநாள் போனபோது கடைசிக் குச்சி கரையடியில் இல்லை. காடிப் பக்கம் தள்ளி, அந்தக் கீற்று வயலையும் அதன் சேற்று வரப்பையும் தாண்டி, மூச்சு வேர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. சிவப்புத் துணி அப்படியே, முடிச்சு மட்டும் வேறு மாதிரி.

நான் முதலில் அலையைச் சந்தேகித்தேன். அலை குச்சியைப் பிடுங்கும், திரும்ப நேராக அடிக்காது. பிறகு பையன்களைச் சந்தேகித்தேன். அவர்கள் அவ்வளவு ஆழமாக அடிக்க மாட்டார்கள். பிறகு பக்கத்து வயல் வங்காளியை. என்னை மாற்றல் செய்ய வழி தேடிக்கொண்டிருந்ததாக நான் நம்பிய தலைமையாசிரியரை. கடைசியில், அன்று சரியான இடத்தில்தான் அடித்தோமா என்று என்னையே. ஊர் என்னைச் சந்தேகித்தது, நான் ஊரைச் சந்தேகித்தேன். அந்த விஷயத்தில் நானும் அதற்குள் அந்த ஊர்க்காரனாகிவிட்டிருந்தேன்.

பிள்ளைகளுக்குச் சந்தேகமே இல்லை. “குச்சி நடந்து போயிருக்கு சார்” என்றான் ஒருவன். எப்படிச் சொல்கிறாய் என்றேன். ஆளுக்கு ஒன்றாகச் சாட்சி சொன்னார்கள். முன்பு குச்சியைச் சுற்றி எறும்புப் புற்றும் பெரணியும் இருந்தன, இப்போது மூச்சு வேர் இருக்கிறது. அங்கே உளுவை கிடையாது, இங்கே உண்டு. குச்சியின் அடியில் அங்கே காய்ந்த மண், இங்கே கால் புதைகிறது. இதற்காகத்தானே இவ்வளவு நாளும் கத்தினேன். என் மார்பு விம்மியது. வாத்தியார் வேலையில் அப்படிப்பட்ட நிமிஷங்கள் அதிகம் கிடைக்காது என்பதால் அதை நான் முழுக்க அனுபவித்துவிட்டுத்தான், அப்படியானால் குச்சியை நகர்த்தியவர் யார் என்ற அடுத்த கேள்விக்கு வந்தேன்.

நான் அதைக் கேட்கவில்லை. அது தானாகவே அங்கே வந்து நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வயல் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பெண் டப்பா தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

“குச்சி நகரல சார்” என்றாள். “கடல்தேன் தள்ளிப் போயிருக்கு.”

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் “இருக்கலாம்” என்றேன். விஞ்ஞானத்தில் எதையும் உடனே மறுத்துவிடக் கூடாது.

குச்சியைத் திருப்பி அடிக்கலாமா என்று யோசித்தேன். அடித்தால் அவர் வயலுக்கு எதிராக நானே இரண்டாம் தடவை சாட்சி சொன்னதாகும். எல்லாக் குச்சியையும் பிடுங்கி எறிந்தாலோ, வேலை முடிந்து ரிப்போர்ட் போய்விட்டது என்று ஊர் முடிவு கட்டும். பாயிடம் கேட்டேன். “மாஸ்டர், குச்சி இருக்கட்டும். நீங்க நண்டையே பாருங்க” என்றார். அவ்வாறே நண்டைப் பார்த்தேன்.

ஆனால் பேச்சு அதற்குள் ரங்கத் வரை போய்விட்டது. இன்ன கிராமத்தில் சர்வே நடக்கிறதாம் என்று அங்கே சந்தையில் பேசிக்கொண்டது நில ஆபீசின் காதில் விழுந்திருக்கிறது. தங்களைக் கேட்காமல் யார் சர்வே செய்கிறார்கள் என்று ஆபீசுக்குச் சந்தேகம். அதைத் தீர்க்க உண்மையான ஒருவரையே அனுப்பினார்கள். நம் ஊரில் கர்ணம் மாதிரி, அங்கே பட்வாரி. இந்திக்காரர். நீளமான இரும்புச் சங்கிலியும் அதை இழுக்க ஓர் ஆளுமாக வந்து சேர்ந்தார். என் ‘சர்வே’ என்ற ஒற்றைச் சொல், கடைசியில் நிஜமான சங்கிலியையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

வந்தவர் நேராகக் காடிக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். யாருடைய உத்தரவு, எந்தத் துறை, காட்டிலாகா எனக்கு ஏதாவது தருகிறதா என்று கேட்டார். அவர் ஆபீசுக்கும் காட்டிலாகாவுக்கும் நெடுநாளாக எல்லைத் தகராறு. என்னைக் காட்டிலாகாவின் உளவாளி என்றே நினைத்துவிட்டார். நான் கொடுக்கு பெரிதான நண்டு ஒன்றைப் பிடித்துக் காட்டினேன். நண்டுக்கு எதற்குச் சிவப்புத் துணி என்றார். அந்த ஊரில் நான் சந்தித்தவர்களில் சட்டமும் சந்தேகமும் ஒன்றாகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

பிறகு அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. பௌர்ணமித் தண்ணீர் எதுவரை வரும் என்று குறித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். அது தெரிந்துவிட்டால் காட்டிலாகா எல்லை எது, நில ஆபீசின் எல்லை எது என்று அவரே கோடு போட்டுவிடலாம். பிள்ளைகள் கடைசிக் குச்சியைக் கையால் காட்டிவிட்டார்கள். அவர் நடந்து போய் அதன் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் சேற்று வரப்பு, அதற்குப் பின்னால் கதிர் முற்றிய நெல்.

அந்தக் குச்சி சரி என்றால் வயல் தண்ணீருக்கு மேலே இருக்கும் தரை. பயிரிடுகிறவர் பெயரில் எழுதிக்கொள்ளலாம். குச்சி நகர்ந்தது என்று ஒரு வார்த்தை வந்தால் வயல் போய்விடும். குச்சி நகர்ந்திருப்பது பட்வாரியைத் தவிர அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஊரில் பாதிப் பேர் கரைமேல் நின்றார்கள். அந்தத் தகப்பனார் வயலின் நடுவில் நின்றார். அவர் பட்வாரியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்வாரி என்னைக் கேட்டார். இது சிறு பிள்ளைகளின் வேலை, இதை நம்பி எதுவும் எழுத வேண்டாம் என்றேன். அதற்கு மேல் ஓர் எழுத்து சொல்லவில்லை. அவர் கண்ணைச் சுருக்கினார். தன் மாணவர்களின் வேலையைத் தானே மட்டம் தட்டும் வாத்தியாரை அவர் பார்த்ததில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது, குச்சி சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. இருந்தாலும் ஒரு சாட்சி வேண்டுமே. வரப்பில் தகர டப்பாவோடு நின்ற பெண்தான் பக்கத்தில் இருந்தாள்.

“பானி யஹாங் தக் ஆதா ஹை?” என்று குச்சியைத் தொட்டுக் கேட்டார். தண்ணீர் இதுவரைக்கும் வருமா?

அவள் குச்சியைப் பார்த்தாள். தகப்பனாரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. காடியைப் பார்த்துக்கொண்டு, “ஆதா ஹை” என்றாள். வரும்.

“பக்கா?”

“பக்கா. பூரணைக்கு நிச்சயமா ஆதா ஹை.”

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. கரையடிக்குப் போகிற தண்ணீர் அந்தக் குச்சி வரைக்கும் வராமல் எப்படிப் போகும்? அங்கே நிற்குமா என்று அவர் கேட்கவில்லை. பார்த்ததை மட்டும் சொல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று நான்தான் அவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். எனக்குள் இருந்த விஞ்ஞான வாத்தியாரும் தமிழ் வாத்தியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்வாரி சங்கிலியை விரித்தார். மத்தியானத்துக்குள் ஏதோ எழுதிக்கொண்டார். கடையில் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அரிவாளோடு ஒரு தார் வாழைப்பழமும். மேஜையில் வைத்தார். நன்றி சொல்லப் போகிறார், எப்படி அடக்கமாக ஏற்றுக்கொள்ளலாம் என்று நான் முகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

“எதுக்கு வாத்தியாரே சும்மா இருந்தீக?”

“நான் என்னங்க செஞ்சேன்? பிள்ளைதானே பதில் சொல்லுச்சு.”

“ஒங்களத்தேன் மொதல்ல கேட்டாக. ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. ஒங்களுக்கு என்ன வேணும்?”

ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் முகம் இருண்டது. பழத்தை வாங்கினால் அது கூலி, கணக்கு தீர்ந்துவிடும். வாங்காவிட்டால் நான் வேறு ஏதோ பெரிதாக எதிர்பார்க்கிறேன் என்று அர்த்தம். ஆகவே வாங்கிக்கொண்டேன். அப்போதும் அவர் நகரவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒரு தார் பழத்தோடு திருப்தியடைகிறவனை எப்படி நம்புவது?

“உங்க மகள் வெளி வகுப்புக்கு வரணும்” என்றேன்.

“அம்புட்டுத்தேனா?”

“அம்புட்டுத்தான்.”

செல்லாக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். கடைசியில், “வரட்டும். நானும் வருவேன்” என்றார்.

சொன்னபடியே வந்தார். அடுத்த பௌர்ணமிக்குக் காடி வகுப்பு. அறுவடை முடிந்திருந்தது. அவர் கரைமேல் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் கரையடியில் வரிசையாக நின்றார்கள், அவர் மகள் முதலாவதாக. பத்து மணிக்குத் தண்ணீர் வந்தது. குச்சியைத் தொட்டது. தொட்ட கையோடு தாண்டியது. சேற்று வரப்பின் மேல் ஏறி, அரிதாளுக்குள் பரவி, சர்க்கார் அங்கீகரித்த எல்லைக்கு உள்ளே வெகுதூரம் வந்து, பிள்ளைகளின் கணுக்காலை நனைத்து நின்றது. குச்சி தூரத்தில் தண்ணீருக்கு நடுவில், சிவப்புத் துணி மட்டும் தெரிய நின்றுகொண்டிருந்தது. அதை இனி யாரும் தொட முடியாது, அது இப்போது ஆபீஸ் குச்சி.

ஒரு பையன் பலப்பத்தை எடுத்துக்கொண்டான். தண்ணீரையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தான். “பௌர்ணமித் தண்ணி எதுவரைக்கும்னு எழுத சார்?” என்றான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கரைமேலிருந்து குரல் வந்தது.

“பிள்ளைக பாக்கட்டும் வாத்தியாரே. நல்லாப் பாக்கட்டும். எழுத வேணாம்.”

பலப்பங்கள் இறங்கின. அவர் பார்வை என் சட்டைப்பையில் செருகியிருந்த பென்சில்மேல் வந்து நின்றது, நகரவில்லை. நான் கரையேறிப் போய் அதை எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டார். கட்டைவிரலால் அதன் கூர்முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, அரிவாளுக்குப் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டார்.